பேல் ஏல் என்றால் கைவினை, ஹண்டியா என்றால் குற்றம்

பெங்களூருவிலும் புனேயிலும் குருகிராமிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளில் ஒரு புதிய பொழுதுபோக்கு வேர்பிடித்திருக்கிறது. இணையத்தில் தருவித்த பெட்டியொன்று சமையல்மேடையில் திறக்கப்படுகிறது. உள்ளே, வெல்லப்பாகுபோல் கெட்டியாகச் சுண்டவைத்த மால்ட் சாறு ஒரு தகர டப்பாவில் இருக்கிறது, ஒரு சிறு பொட்டலத்தில் உலர்ந்த ஈஸ்ட், ஹாப்ஸ் பூவைப் பொடித்து அழுத்திய பச்சைக் குளிகைகள், மூடியில் நீர்ப்பூட்டு செருகிய பெரிய வாளி, ஓர் அடர்த்திமானி. வாளியைக் கிருமிநீக்கியால் அலம்பி, மால்ட் சாற்றைச் சுடுநீரில் கரைத்து, சர்க்கரை சேர்த்து, குளிர்ந்த நீரூற்றி 20 முதல் 23 லிட்டர்வரை நிரப்ப வேண்டும். சூடு 20 டிகிரிக்கு அருகே இறங்கியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட வேண்டும். மறுநாள் நீர்ப்பூட்டில் குமிழிகள் எழும். நான்காம் ஐந்தாம் நாளில் வேகம் தணியும்போது ஹாப்ஸ் குளிகைகள் உள்ளே போகும்; கொதிக்கவிடாமல் போடுவதால் அவற்றின் மணம் ஆவியாகித் தொலைவதில்லை. அடர்த்திமானி 1045இலிருந்து 1010க்கு இறங்கி, இரண்டு நாள் அசையாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது. கையில் இருப்பது சுமார் நாலரை விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பேல் ஏல். புட்டிக்குச் சிறிது சர்க்கரையிட்டு, மூடியை அழுத்தி, இரண்டு வாரம் இருட்டில் வைக்க வேண்டும்.

பிறகு சுவைப்பு. சாய்த்துப் பிடித்த கண்ணாடிக் குவளையில் ஊற்றும்போது செம்பொன் நிறம், இரண்டு விரற்கடை நுரை, இலேசான கலங்கல். மூக்கருகே கொண்டுபோனால், காஸ்கேட் வகை ஹாப்ஸாக இருக்கும்பட்சத்தில், நாரத்தைத் தோலை நகத்தால் கிள்ளியது போன்ற வாடை முதலில் எழும்; அதன் பின்னால் மரப்பிசின். முதல் மிடறில் மால்ட்டின் வறுத்த இனிப்பு. விழுங்கிய பின் நாவின் அடியில் நெடுநேரம் நிற்கும் கசப்பு. ஆனால் வடித்தவரின் குறிப்பேட்டில் நாரத்தை இடம்பெறுவதில்லை. ‘கிரேப்ஃப்ரூட்’ என்றே எழுதப்படுகிறது. அந்தப் பழத்தை அவர் வாழ்நாளில் எத்தனை முறை உரித்துத் தின்றிருப்பார் என்பது வேறு விஷயம்.

இது நல்ல பானம்தான், மறுப்பதற்கில்லை. தூய்மையும் பொறுமையும் கேட்கும் வேலை இது. கோடையில் அறைச்சூடு 30 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் முரண்டுபிடித்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையைக் கொடுத்துவிடும். ஈரத்துணி சுற்றியும் பனிக்கட்டிப் புட்டிகள் அடுக்கியும் வாளியைக் காப்பாற்றுகிறவரின் அக்கறையை எள்ளி நகையாட எந்த அவசியமும் இல்லை. எதிர்ப்பு அந்தக் குவளைக்கு அல்ல, அதைச் சுற்றிக் கட்டப்படும் கோட்பாட்டுக்கு. பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து உற்பத்தியை மீட்டெடுத்தல், கைத்திறனுக்குத் திரும்புதல், இழந்துபோன அறிவை மீளக் கற்றல் என்றெல்லாம் கருத்தரங்க மொழியில் இந்த வாளி விளக்கப்படுகிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் நூல்களில் இந்த மொழிக்கு ஓரளவு நியாயம் உண்டு. இந்தியாவில் அதை அப்படியே எடுத்தாள்வது அறிவுலகம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பொய்.

பிரிட்டனில் வீட்டில் பீர் வடிக்க 1880 முதல் உரிமம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அந்தத் தேவையை நீக்கினார். அதன் பிறகே கிட் டப்பாக்களின் சந்தை அங்கே பெருகியது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், இருவர் உள்ள வீடு 200 காலன் தீர்வையின்றி வடிக்கலாம். இன்றைய கிட்கள் எதன் சாயலில் செய்யப்படுகின்றனவோ, அந்த ஹாப்ஸ் மணக்கும் அமெரிக்கப் பேல் ஏல், 1972இல் வெளியிடப்பட்ட காஸ்கேட் ஹாப்ஸும் 1980இல் சியரா நெவாடா நிறுவனம் அதைக்கொண்டு வடித்த பீரும் சேர்ந்து நிலைநாட்டிய சுவை. அந்த நாடுகளில் பொழுதுபோக்கு, சட்டம் வழங்கிய உரிமையின் பின்னால் வந்தது.

இங்கே அப்படியொரு சட்டம் வரவேயில்லை. மதுபானம் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலங்களின் பொறுப்பு. கர்நாடகத்தின் 1965ஆம் ஆண்டு ஆயத்தீர்வைச் சட்டம் உட்பட, பெரும்பாலான மாநிலச் சட்டங்களின்படி உரிமமின்றி மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். டப்பாவில் இருக்கும் மால்ட் சாறு உணவுப்பொருள். அதில் ஈஸ்ட்டைத் தூவிய கணத்திலிருந்து அந்த வாளி குற்றப்பொருள். இது வடிப்பவருக்குத் தெரியும். கதவைத் தட்டி யாரும் வரப்போவதில்லை என்பதும் தெரியும். அவர் அனுபவிப்பது உரிமை அல்ல, வர்க்கம் தரும் பாதுகாப்பு. குளியலறையில் குமிழியிடும் வாளியைப் படமெடுத்துப் பெயரோடு பகிர்ந்துகொள்ள அவரால் முடிகிறது என்பதே இதற்குச் சான்று.

இனி இன்னொரு பாத்திரத்துக்கு வரலாம். ஜார்க்கண்டிலும் அதை ஒட்டிய ஒடிசா, மேற்கு வங்கப் பகுதிகளிலும் சந்தால், முண்டா, ஹோ, ஒராவுன் வீடுகளில் பெண்கள் வடிக்கும் ஹண்டியா. சோற்றை வடித்துப் பாயில் பரப்பி ஆறவிடுவார்கள். ரானு என்னும் உருண்டைகளைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, பானையிலிட்டு மூடுவார்கள். வெயிற்காலத்தில் இரண்டு நாள், குளிரில் நான்கைந்து நாள். பிறகு நீரூற்றி வடிகட்டினால் வெண்மை கலங்கிய, இனிப்பும் புளிப்பும் சேர்ந்த பானம். முதற்பங்கு முன்னோருக்கும் போங்கா தெய்வங்களுக்கும். பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் அது இல்லாமல் சடங்கு நிறைவதில்லை. வாரச்சந்தையின் ஓரத்தில் மரநிழலில் பானைகளோடு அமர்ந்து, கிண்ணத்திலும் இலைத்தொன்னையிலும் விற்பவர்களும் பெண்களே.

இரண்டு பாத்திரங்களிலும் நடக்கும் வேதியியலை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு வேண்டியது சர்க்கரை. இந்த இடைவெளியைக் கடக்க ஐரோப்பா கண்ட வழி, வாற்கோதுமையை முளைகட்டி, அந்த முளை சுரக்கும் நொதிகளை 65 டிகிரி வெந்நீரில் வேலைசெய்ய விடுவது. ஆசியா கண்ட வழி பூஞ்சை. ரானுவில் இருக்கும் பூஞ்சைகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அதே பானையில், அதே நேரத்தில், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. இரண்டு உயிர்க்கூட்டங்களை ஒரே பானையில் இசைவித்து நடத்தும் நுட்பம் இது. ரானுவைச் செய்ய எந்தக் காட்டு வேர், எந்தப் பட்டை, எந்த விகிதத்தில் அரிசிமாவோடு இடிக்கப்பட வேண்டும், பழைய உருண்டையின் பொடியை எப்போது தூவ வேண்டும் என்பதெல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகும் அறிவு.

கிட்டில் முளைகட்டும் வேலை இல்லை. வெந்நீரில் மாவுச்சத்தை உடைக்கும் வேலை இல்லை. ஹாப்ஸைக் கொதிக்கவைத்துக் கசப்பைப் பிரித்தெடுக்கும் வேலையும் இல்லை. அவையெல்லாம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் முடிந்துவிட்டன. ஈஸ்ட்டை வளர்த்ததும் உலர்த்தியதும் ஓர் ஆய்வுக்கூடம். வீட்டில் நடப்பது கரைத்தலும் தூவலும் காத்திருத்தலும் மட்டுமே. நுண்ணுயிர்க் கலவையையே தன் கையால் உருவாக்கும் சந்தால் பெண்ணின் வேலை ‘மரபு’ என்றும், கரைத்துத் தூவுகிறவரின் வேலை ‘கைவினை’ என்றும் பெயர்பெறுவது எப்படி? இந்தப் பெயர்மாற்றத்துக்குச் சட்டப்புத்தகத்திலேயே ஒரு பிறப்பிடம் உண்டு.

1909ஆம் ஆண்டின் வங்காள ஆயத்தீர்வைச் சட்டம் ‘பச்வாய்’ என்றொரு பொருளை வரையறுக்கிறது. அரிசி, சிறுதானியம் அல்லது வேறெந்தத் தானியத்தை நொதிக்கவைத்தாலும், அதிலிருந்து எந்தத் திரவத்தைப் பெற்றாலும், நீர் கலந்தாலும் கலக்காவிட்டாலும், அது பச்வாய். வரையறை அத்தோடு நிற்கவில்லை. பீர் மட்டும் இதில் அடங்காது என்று முடிகிறது. வாற்கோதுமை தானியம், அதை நொதிக்கவைத்துப் பெறும் திரவம் பீர். வரையறையின் முற்பாதியின்படி பார்த்தால் பேல் ஏல் சந்தேகத்துக்கிடமின்றிப் பச்வாய். அந்த முடிவைத் தவிர்க்கவே கடைசிச் சொற்கள் சேர்க்கப்பட்டன. அறிவியலில் இல்லாத எல்லைக்கோட்டைச் சட்டம் கையால் வரைந்தது. ஒரு பக்கம் துரைமார் குடிப்பது, மறுபக்கம் மற்றவர்கள் குடிப்பது. சில பழங்குடிகள் தம் வீட்டு நுகர்வுக்கு மட்டும் வடித்துக்கொள்ள விதிவிலக்குகள் வந்தன, இன்றும் பல மாநிலங்களில் இருக்கின்றன. ஆனால் விதிவிலக்கு என்பது சலுகை, திரும்பப் பெறத்தக்கது. வீட்டு வாசலைத் தாண்டிச் சந்தைக்கு வந்த பானை உடைக்கத்தக்கது. நகரத்து மதுவடிப்பகமோ இலட்சங்களில் உரிமக் கட்டணம் செலுத்திவிட்டு, பித்தளைக் குழாய்களைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் காட்சிக்கு வைத்து விற்கிறது.

பானைக்கு எதிரான இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1878இல் பம்பாய் ஆப்காரிச் சட்டம் உள்ளூர் வடிப்பை நசுக்கி, உற்பத்தியைப் பெரிய ஆலைகளிலும் குத்தகைதாரர்களிடமும் குவித்தது. 1892இல் அதே மாகாணம் ஒரு பூவுக்கு எதிராகவே சட்டம் இயற்றியது: மௌரா சட்டம். மஹுவா என்னும் வடநாட்டு இலுப்பையின் பூவைச் சேர்த்துவைப்பதே கண்காணிப்புக்கு உள்ளானது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. அந்தச் சர்க்கரைதான் பிரச்சினை. பஞ்சமாதங்களில் அந்தப் பூவைத் தின்று உயிர் தரித்தவர்கள் இருந்தார்கள் என்பது ஆப்காரிக் கணக்கில் எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

பேல் ஏலின் வரலாற்றுக்கு வந்தால், அங்கேயும் ஒரு கட்டுக்கதை காத்திருக்கிறது. லண்டனின் கிழக்கே போ என்னுமிடத்தில் மதுவடிப்பகம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சன், நெடும்பயணத்தில் பீர் கெட்டுப்போவதைக் கண்டு, ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டி இந்தியா பேல் ஏலைக் கண்டுபிடித்தார் என்பது கிட் பெட்டிகளிலும் மதுவடிப்பகச் சுவர்களிலும் அச்சாகும் கதை. அவர் எதையும் கண்டுபிடித்ததற்கு ஆதாரமில்லை. வெப்பநாடுகளுக்கு அனுப்பும் பீருக்கு ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் ஏற்கெனவே அறியப்பட்ட செய்தி. 1784இலேயே கல்கத்தா செய்தித்தாளில் பேல் ஏல் விளம்பரம் வந்திருக்கிறது. போர்ட்டர் என்னும் கருநிற பீரும் அதே கப்பல்களில் வந்தது, கெடாமல் வந்தது. சாதாரணச் சிப்பாய்கள் குடித்தது பெரும்பாலும் அதையே. ஹாட்ஜ்சனின் மேன்மை புவியியல் சார்ந்தது: கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்கு அவர் ஆலை அருகில் இருந்தது, கப்பல் தலைவர்களுக்கு நீண்டகாலக் கடன் கொடுத்தார். 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் போட்டிக்கு வந்தார். ‘ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்’ என்ற பெயரே அச்சில் தென்படும் மிகப் பழைய இடங்களில் ஒன்று 1829ஆம் ஆண்டின் சிட்னி செய்தித்தாள் விளம்பரம். பெயரில் இருக்கும் இந்தியா ஒரு சந்தை. அங்கே வடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பது அந்தப் பெயரில் இல்லை.

இந்திய மண்ணில் ஐரோப்பிய முறையில் பீர் வடித்த முன்னோடி எட்வர்டு டயர். கசௌலியில் அவர் தொடங்கிய ஆலையின் வழிவந்த நிறுவனம் தன் பிறப்பாண்டாக 1855ஐக் குறிக்கிறது. ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன டயர் அவருடைய மகன். அதே 1855இல்தான் சந்தால்களின் ஹூல் வெடித்தது. ஆண்டு ஒன்றிப்போனது தற்செயல். அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம். ஆனால் முதலாவது ‘பாரம்பரியம்’ என்று புட்டியில் அச்சாகிறது என்பது தற்செயல் அல்ல. புனேயில் 2009இல் தொடங்கிய, நாட்டின் முன்னோடிச் சிறு மதுவடிப்பகங்களில் ஒன்று தனக்கு வைத்துக்கொண்ட பெயர் தூலாலி: நாசிக் அருகே தேவ்லாலி முகாமில் கப்பலுக்குக் காத்திருந்து சித்தம் கலங்கிய வெள்ளைச் சிப்பாய்களைக் குறித்த பாசறைக் கொச்சைச் சொல். அது வேடிக்கையான பெயர்தான். ஹண்டியாவுக்கு அந்த வேடிக்கை வாய்க்கவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றை மதிக்க வேண்டும். கட்டுப்பாடில்லாமல் வடித்தால் மக்கள் செத்துப்போவார்கள் என்பது முதலில் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக்கென உற்பத்தியாகும் நச்சு. தானியத்தை நொதிக்கவைத்த பானையில் உயிரைக் குடிக்கும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை, வாளியில் உண்டாகாததைப் போலவே. வெறும் நொதிப்புப் பானத்தையும், அடுப்பேற்றிக் காய்ச்சி வடிக்கும் சாராயத்தையும், கலப்பட நஞ்சையும் ‘கள்ளச்சாராயம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது காவல்துறைக்கு வசதி; ஆய்வாளர்களும் அதே சொல்லால் எழுதுவது வெட்கக்கேடு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டிருப்பதும், அரசே பீர் விற்பதும் இதே குழப்பத்தின் உள்ளூர்ப் பதிப்பு.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. குடி பழங்குடி வீடுகளைச் சிதைக்கிறது, அடிபடுபவர்கள் பெண்கள், பானையைப் போற்றுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம் என்பது. இதில் உண்மை இருக்கிறது. பழங்குடிகள் தாமே குடியைத் துறந்து எழுந்த வரலாறும் இருக்கிறது: 1922இல் தென்குஜராத்தில் பரவிய தேவி இயக்கத்தில், அவர்கள் கள்ளையும் சாராயத்தையும் விட்டொழித்து, கடை வைத்துச் சுரண்டிய பார்சி வியாபாரிகளின் பிடியை உதறினார்கள். டேவிட் ஹார்டிமன் 1987இல் வெளியிட்ட நூல் அந்த இயக்கத்தின் அரசியலை விரிவாகச் சொல்கிறது. ஆனால் அது அவர்கள் தாமே எடுத்த முடிவு. 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் அதே தருக்கத்தைத்தான் எழுத்தாக்கியது: பட்டியல் பகுதிகளில் மதுவைத் தடைசெய்யவோ ஒழுங்குபடுத்தவோ கிராமசபைக்கு அதிகாரம் வேண்டும் என்றது. கிராமசபை பானையை வேண்டாமென்றால் யாரும் மறுபேச்சுப் பேச இயலாது. ஆயத்தீர்வைக் காவலரின் தடி கிராமசபை அல்ல. ஜார்க்கண்ட் அரசு 2020இல் ஹண்டியா விற்கும் பெண்களை வேறு தொழிலுக்கு நகர்த்தக் கடனுதவித் திட்டம் கொண்டுவந்து, அதற்கு ஹூலில் போராடிய பூலோ, ஜானோ சகோதரிகளின் பெயரைச் சூட்டியது. வேறு வாழ்வாதாரம் விரும்பும் பெண்ணுக்குக் கடன் கிடைப்பது நல்லது. விற்க விரும்பும் பெண்ணுக்கு அந்தத் திட்டத்தில் சொல்ல எதுவும் இல்லை. பேல் ஏல் வடிப்பவரை மானமுள்ள தொழிலுக்கு மீட்க எந்த அரசும் திட்டம் தீட்டியதில்லை.

இனி ஆய்வுலகத்தின் பங்கு. ஆசிய நொதி உருண்டைகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச்செல்லும் வழக்கம் பழையது. 1892இல் சைகோனில் ஆல்பர்ட் கால்மெட் அரிசிமது உருண்டையிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து ஐரோப்பியச் சாராய ஆலைகளுக்கான அமைலோ முறை பிறந்தது. உருண்டை செய்தவர்களுக்கு எதுவும் போகவில்லை. இன்று ரானு, சிக்கிமின் மார்ச்சா, மணிப்பூரின் ஹாமெய் ஆகியவற்றிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வரிசைப்படுத்தும் கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. தேவையான ஆய்வுகள்தாம். ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் நுண்ணுயிருக்கு ஈரடிப் பெயர் உண்டு, சேமிப்பு எண் உண்டு. உருண்டை செய்தவர் ‘உள்ளூர்ப் பெண்கள்’ என்ற பன்மையில் கரைந்துபோகிறார். 2002ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமைச் சட்டம் பயன்பகிர்வு பற்றிப் பேசுகிறது. அந்தப் பகிர்வு யாருடைய வீட்டு வாசலுக்கு வந்தது என்று கேட்கும் முனைவர்பட்ட ஆய்வு ஒன்றேனும் துறைக்கொன்றாக எழுதப்படலாம். அசாமின் திமாசா மக்களுடைய ஜூடிமா 2021இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதைக் கொண்டாடும் அதே கல்விக்கூடங்கள், பானை உடைக்கப்படும் செய்தியைச் சட்டம் ஒழுங்குப் பக்கத்தில் படித்துவிட்டு நகர்கின்றன.

வேண்டுவது பெரிய புரட்சியும் அல்ல. காய்ச்சி வடிக்காத நொதிப்புப் பானங்களுக்கு, எந்தத் தானியமாயினும் எந்தப் பாத்திரமாயினும், வீட்டுக்கு இவ்வளவு லிட்டர் என்று ஒரே வரம்பு. வாரச்சந்தையில் விற்பவருக்குப் பெயரளவுக் கட்டணத்தில் ஒரு பதிவு. அதைத் தருவதா மறுப்பதா என்று முடிவுசெய்யும் அதிகாரம் கிராமசபைக்கு. பச்வாய் வரையறையின் கடைசிச் சொற்களை நீக்க ஒரு பக்கத் திருத்த மசோதா போதும். அது நிறைவேறினால் பெங்களூரு வாளியும் அன்று முதன்முறையாகச் சட்டத்துக்கு உட்பட்டதாகும். ஆகவே கிட் வடிப்போர் குழுக்கள் தமக்கு மட்டும் பொழுதுபோக்கு உரிமம் கேட்டு மனு எழுதும் எண்ணத்தில் இருந்தால், அந்த மனுவின் முதல் பத்தியில் ஹண்டியாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம்.